பள்ளத்து லயம்

எங்கள் வீட்டில் பால் என்றால் அது ரப்பர் மரத்துப் பால்தான். குடிக்கிற பாலுக்குத்தான் பசும்பால், டின்பால் என்று அடைமொழி போட வேண்டும். 'இன்னைக்குப் பால் எப்படி?' என்று அம்மா கேட்டால் அப்பா விரலை மடக்கி எத்தனை கிலோ என்று காட்டுவார். 2011-இல் புத்ராஜெயாவில் வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். புது அடுப்பில் பானை பொங்கி வழிந்து கண்ணாடித் தட்டு முழுக்க ஓடியது. மனைவி 'பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு' என்று கை தட்டினாள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா மட்டும் முகத்தைச் சுளித்தார்.

'இப்படிச் சிந்தவிட்டா கிராணி சும்மா விடுவானா?'

அவர் தோட்டத்தில் பால் வெட்டிய உளியைக் கீழே வைத்து அப்போது பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

எல்லாரும் பசியாறிய பிறகு அவர் வெளியே போய் நின்றார். நானும் போனேன். வலது பக்கம் ஐந்து வீடு, இடது பக்கம் ஆறு வீடு. ஒரே சாயம், ஒரே கூரை, ஒரே சரிவு. முன்பக்கம் மதில் கிடையாது, கேட் கிடையாது. ஒரு வீட்டுப் புல் அடுத்த வீட்டுப் புல்லோடு சேர்ந்து தெருவரைக்கும் போகிறது. 'வேலி எங்கய்யா?' என்றார். இங்கே வேலி போடக்கூடாது அப்பா, ஊரே ஒரு தோட்டம் மாதிரி இருக்கணும்னு அப்படித் திட்டம் போட்டிருக்காங்க என்று விளக்கினேன். அவர் இன்னொரு முறை வரிசையைக் கண்ணால் அளந்தார்.

'லயம்' என்றார், தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீட்டுக்குப் பெயர் அது. பிறகு, நான் வருத்தப்படுவேனோ என்று நினைத்தாரோ என்னவோ, 'நல்ல லயம்' என்று சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். வந்திருந்த உறவுக்காரர்களிடம் சொல்லியும் சிரித்தேன். மனிதர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்பது அங்கே குடியிருந்து பார்த்த பிறகுதான் உறைத்தது.

வீடு வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதில் பெரிய சுவாரசியம் இல்லை, கையெழுத்துகள்தான் அதிகம். விற்பனைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழு நகரத்தையும் பொம்மை போல அடுக்கி வைத்திருந்தார்கள். இருபது பிரிசிண்ட், அதாவது வட்டாரம். நடுவே நீல நிறத்தில் ஏரி, அதன் மேல் பாலங்கள், விரல் நகம் அளவுக்குப் பள்ளிவாசல், பஞ்சு மரங்கள். விளக்கம் சொன்ன மலாய்ப் பெண் சிவப்புப் புள்ளி விழும் விளக்கை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஏரி தெரிகிற வீட்டுக்கு ஒரு விலை, தெரியாத வீட்டுக்கு ஒரு விலை. தெரியாததைக் கேட்டோம்.

'இதற்கு முன் புத்ராஜெயா பக்கம் வந்திருக்கிறீர்களா?' என்று மலாயில் கேட்டாள்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். 'வந்திருக்கேன்' என்று மட்டும் சொன்னேன். பிறந்ததிலிருந்து இருபத்திரண்டு வருடம் இங்கேதான் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் விலையைக் குறைக்கவா போகிறார்கள்?

இருவரும் அரசு ஊழியர்கள் என்பதால் அரசாங்க வீட்டுக்கடன் கிடைத்தது, வட்டி நாலு விழுக்காடு. பத்து விழுக்காடு முன்பணத்தை நாங்கள்தான் புரட்ட வேண்டும். மனைவியின் நகையில் கொஞ்சம், அப்பாவின் சேமநிதியில் மிஞ்சியிருந்ததில் கொஞ்சம். அப்பா தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் புரியாமல் போனது ஒன்றுதான். எங்கள் நாட்டில் கட்டி முடிக்காத வீட்டை வாங்கினால், வேலை நடக்க நடக்கப் பணம் போகும். அடித்தளம் போட்டதும் ஒரு பங்கு, தூண் நின்றதும் ஒரு பங்கு, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. தரை வீடாக இருந்தால் ஒப்பந்தம் போட்டு 24 மாதத்துக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்த கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். 'ஒரு கன்னு நட்டு உளி வைக்க ஆறு வருஷம் ஆகும். வேரு விட்டதுக்கு இவ்வளவு, எல விட்டதுக்கு இவ்வளவுன்னு எவனாவது கேட்டானா?' என்பார்.

புத்ராஜெயாவைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக 1990-களில் தொடங்குவார்கள். கோலாலம்பூரில் நெரிசல் தாங்கவில்லை. அரசாங்க அலுவலகங்களுக்கென்று தனி நகரம் வேண்டும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் முடிவெடுத்தார். 1993-இல் இடம் தேர்வானது, 1995-இல் வேலை தொடங்கியது, 1999-இல் பிரதமர் அலுவலகம் வந்து சேர்ந்தது, 2001 பிப்ரவரி 1-இல் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. 4,931 ஹெக்டர். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ராவின் பெயர்.

நான் வேலை பார்த்த இலாகாவும் அந்த அலையில் கோலாலம்பூரிலிருந்து மாறியது. உத்தரவு வந்த அன்று அலுவலகத்தில் ஒரே புலம்பல். காட்டுக்குத் துரத்துகிறார்கள், சாப்பாட்டுக் கடைகூட இருக்காதாம், அங்கே முன்பு ஒன்றுமே இல்லையாம் என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியில் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்றுமே இல்லாத அந்த இடத்துக்குப் பெயர் பிராங் பெசார். மலாயில் பெரும் போர் என்று பொருள். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரிகள் சிலர் 1921-இல் காட்டை வெட்டித் திறந்த தோட்டம் அது. முதலில் இடத்தின் பெயர் ஆயர் ஹீத்தாம், கருந்தண்ணீர். பிறகுதான் தாங்கள் பட்ட போரின் பெயரை வைத்தார்கள். 800 ஏக்கரில் தொடங்கியது, பக்கத்துத் தோட்டங்களைச் சேர்த்துக்கொண்டு 8,000 ஏக்கர் வரை வளர்ந்தது. துறையூர்ப் பக்கமிருந்து கப்பலேறி வந்த என் தாத்தாவுக்கு அந்தப் போர் எங்கே நடந்தது, யாரோடு யார் என்பதெல்லாம் தெரியாது. கடிதத்தில் முகவரி எழுதும்போது மட்டும் அந்தப் போரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் விடிவதற்கு வெகு முன்பே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்க, மணி அடிக்கும். மணி என்று சொல்வது பேச்சுக்கு. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு அது. தண்டல் பெயர் படிப்பார். ஆள் வராத நிரை, அதாவது மர வரிசை, யாருக்கு, மழை வருமா வராதா என்ற பேச்செல்லாம் அங்கேதான். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. எங்கள் வீட்டில் மழையை ரசித்த ஞாபகமே எனக்கு இல்லை. என் பிள்ளைகள் புத்ராஜெயா வீட்டுச் சன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு மழை பார்க்கும்போது, பக்கத்தில் அப்பா இருந்தால் அவர் கண் தானாகவே வானத்தில் வெளுப்பு இருக்கிறதா என்று தேடும்.

அம்மாவும் பால் வெட்டப் போனவர்தான். என்னை விடியுமுன்பே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், புளித்த பால் வாடை, யாருடைய பிள்ளை அழுதாலும் ஒரே மாதிரி அதட்டுகிற ஆயா. அப்பாவின் தலையில் கட்டிய விளக்கு மரங்களுக்கு நடுவே மினுக்கிக்கொண்டே போகும். இருட்டோடு வெட்டினால்தான் பால் நிறைய இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்குகிற மாதிரி ஒரு கோடு. பட்டையைச் சீவ வேண்டும், கட்டையைத் தொடக்கூடாது. கட்டையில் உளி பட்டால் காயம். காயம் ஆறும், ஆனால் அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, அடுத்த தடவை உளி ஓடாது. பதினொரு மணிவாக்கில் மரத்தில் கட்டிய மங்குகளில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். கணக்குப் பார்க்கிற கிராணி மெட்ரோலாக்கைப் பாலுக்குள் மிதக்கவிட்டு, எவ்வளவு தண்ணீர் எவ்வளவு ரப்பர் என்று பார்ப்பார். அந்தக் கண்ணாடிக் குழாய் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவுக்கு எங்கள் வீட்டுக் கடைக்கணக்கு ஏறும்.

லயம் பள்ளத்தில் இருந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். துரையின் பங்களா மேட்டின் உச்சியில், காற்றோட்டமாக. என் காலத்தில் வெள்ளைக்காரர் போய் நம் நாட்டவரே துரையாக வந்துவிட்டார், மேடு மட்டும் மாறவில்லை. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், தனித்தனியாக, பூச்செடி வைத்து. அதற்கும் கீழே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில். கடைசியாக, ஆற்றை ஒட்டினாற்போல் லயங்கள், முன்னால் அஞ்சடித் திண்ணை, பின்னால் அடுப்படி. கள்ளுக்கடை இன்னும் கொஞ்சம் தள்ளி. எது எங்கே இருக்க வேண்டும், யாருக்கு எத்தனை அறை, யார் வீட்டிலிருந்து யார் வீடு தெரியும், தெரியக்கூடாது என்பதையெல்லாம் எவரோ ஒருவர் மேசையில் காகிதம் விரித்துக் கோடு போட்டுத்தான் தீர்மானித்திருக்கிறார். காடுகளுக்குக்கூடப் பெயர் கிடையாது, நட்ட வருடம்தான். '58 காட்டுல வேலை', '63-ல பன்னி வந்துச்சு' என்றுதான் பேச்சு. திட்டமிட்ட நகரம் என்று புத்ராஜெயாவைச் சொல்கிறார்கள். நான் பிறந்ததும் திட்டமிட்ட ஊரில்தான். இப்போது என் வீடு நிற்கிற தெருவுக்கும் பெயர் கிடையாது. ஒரு எழுத்து, சில எண்கள். அரசாங்கக் குடியிருப்புகளிலும் பதவியைப் பார்த்துத்தான் வகுப்பு, வகுப்பைப் பார்த்துத்தான் அறை. அப்பா பால் காய்ச்சிய அன்றே ஒரு பார்வையில் கண்டுபிடித்ததை நான் இத்தனை வரியில் எழுத வேண்டியிருக்கிறது.

பிராங் பெசாருக்கு இன்னொரு பெருமை உண்டு. லயத்தில் எங்களுக்கு அது பெருமை என்றே தெரியாது. நல்ல பால் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒட்டுக்கட்டி, புது வகை உண்டாக்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. தோட்டத்தின் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அந்த வகைகளுக்குப் பி.பி. என்று பெயர் வைத்தார்கள். பி.பி. 86, பி.பி. 217, பி.பி. 260. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் 'எண்பத்தாறு' என்றால் தெரியும். பட்டை எப்படி, காற்றுக்கு ஒடியுமா, பால் எத்தனை நாழி சொட்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரித்துச் சொல்வது போலச் சொல்வார். எண்பத்தாறையும் ஜாவாவிலிருந்து வந்த இன்னொரு வகையையும் சேர்த்துத்தான் ஆர்.ஆர்.ஐ.எம். 600 பிறந்தது, தாய்லாந்தில் எங்கே திரும்பினாலும் நிற்கிற மரம். கேரளத்துக்கும் போயிருக்கிறது எண்பத்தாறு. பி.பி. 260 ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் வரை போயிருக்கிறது. இதையெல்லாம் நான் மிகப் பின்னால்தான் படித்தேன். படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: 'அங்க கிலோவுக்கு எவ்வளவு கொடுக்கிறானாம்?'

மாசியில் இலை கொட்டும். காடு முழுக்க வெளிச்சமாகிவிடும், மேலே பார்த்தால் குச்சிகளும் ஆகாயமும்தான். சம்பளம் குறைகிற மாதம் என்று பெரியவர்களுக்குக் கவலை. எங்களுக்கோ சருகில் வழுக்கி விளையாட நல்ல காலம். பிறகு தளிர் வரும்போது செம்புநிறம். ஆண்டின் பிற்பாதியில் காய் வெடிக்கும். பிற்பகல் அமைதியில் படார், படார் என்று சத்தம். கொட்டையைப் பொறுக்கிச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் தொடையில் வைத்தால் அவன் துள்ளுகிற துள்ளல் இருக்கிறதே! தீபாவளிக்குத் துணி எடுக்கக் காஜாங் போவோம். பேருந்து வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். காத்திருந்த நேரம் நினைவிருக்கிறது, எடுத்த சட்டையின் நிறம் மறந்துவிட்டது. என் மகள் இன்று அதே காஜாங்கிற்கு எம்.ஆர்.டி. ரயிலில் போய்வருகிறாள்.

தோட்டம் கைமாறப்போகிறது என்று பேச்சு வந்தபோது நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எதுவும் ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் அளவுக்காரர்கள் வந்து சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டார்கள். பிள்ளைகள் அதைப் பிடுங்கிப் பட்டத்துக்கு வால் கட்டினார்கள். பிறகு தூரத்துக் காடுகள் விழத் தொடங்கின. ரப்பர் மரம் விழும்போது அறுபட்ட இடத்திலிருந்து பால் ஒழுகிக்கொண்டே இருக்கும், மங்கு இல்லாமல், மண்ணில். அப்பா அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்.

எங்களையும் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களையும் டிங்கில் பக்கம் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். 1998. நாலாம் மாடி, மின்தூக்கி இல்லை. லயத்தில் வளர்த்த கோழிகளை என்ன செய்வது என்று அம்மா மூன்று நாள் தூங்கவில்லை. கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து அறுத்துத் தின்றோம். அம்மா அதில் ஒரு துண்டையும் தொடவில்லை. சில வருடத்தில் சுவர்களில் விரிசல் விழுந்தது, அம்மா அதன் மேல் நாட்காட்டியை மாட்டி வைத்தார். விரிசல் நாட்காட்டியைத் தாண்டிப் போனபோது பெரிய நாட்காட்டி வாங்கினார். பிறகு தரை வீடு கிடைக்கும் என்று ஒரு கூட்டத்தில் யாரோ சொன்னது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சொன்னவர் யார் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பெயர். அந்தப் பேச்சுக்குள் இறங்கினால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும்.

புது ஊரில் வாழ்க்கை நன்றாக இல்லை என்று நான் சொன்னால் அது பொய். மின்கம்பி தலைக்கு மேல் ஓடாது, எல்லாம் நிலத்துக்கு அடியில். பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே போகலாம். ஊரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பசுமைக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தால் காற்று முகத்தில் அடிக்கிற சுகத்துக்காகவே இன்னும் இருபது வருடக் கடன் கட்டலாம் என்று தோன்றும். ஆனால் அவசரத்துக்கு ஒரு கட்டுக் கறிவேப்பிலை வேண்டுமென்றால் காரை எடுக்க வேண்டும். 4.2 கிலோமீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் என்று நடுவே ராஜபாட்டை போட்டிருக்கிறார்கள். அதில் மத்தியான வேளையில் நடந்து போகிற ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. சனி ஞாயிறில் அரசு ஊழியர்கள் தங்கள் தங்கள் ஊருக்குப் போய்விட, தெரு துடைத்துவிட்டாற்போல இருக்கும். அந்த நேரங்களில் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற ஆள் யாராவது உண்டா என்று பார்ப்பார். லயத்தில் அஞ்சடியில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பத்துச் சேதி வரும்.

முருங்கை விஷயமும் உண்டு. அம்மா டிங்கிலிலிருந்து ஒரு முருங்கைக் கொம்பை ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து வீட்டு முன்புல்லில் நட்டுவிட்டார். ஆறு மாதத்தில் கூரையைத் தொட்டது. பிறகு ஒரு கடிதம் வந்தது, மிகுந்த மரியாதையோடு. முன்பக்கத்து அழகமைப்புக்குப் பொருந்தாத மரத்தை அகற்றவும். பக்கத்து வீட்டு மலாய்க்காரர், பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல மனிதர், இரண்டு தடவை கீரை வாங்கிப் போனவர், வந்து வருத்தப்பட்டார். மரத்தை வெட்டினோம். அடிக்கட்டையை அம்மா பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊன்றி வைத்தார். பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. லயத்திலும் அப்படித்தான், துரை சுற்றிப் பார்க்க வரும்போது முன்பக்கம் கூட்டி வைத்தால் போதும்.

எங்கள் லயம் இருந்த இடம் எது என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போனதே இல்லை.

அம்மா சொல்வது: அது ஏரிக்குள் போய்விட்டது. சுங்கை சுவாவ், சுங்கை பீசா என்ற இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்கை அணைகட்டி நிரப்பியதுதான் இன்றைய ஏரி. வடிநிலத்தையும் சேர்த்து 650 ஹெக்டர் அளவு. மேலேயிருந்து வருகிற தண்ணீர் நாணலும் கோரையும் வளர்த்த 24 பாத்திகளைத் தாண்டிச் சுத்தமாகித்தான் ஏரிக்கு இறங்கும். 'நம்ம அடுப்படியிலருந்து நாலு எட்டு இறங்கினா ஆறு. துணி தொவைக்கிற கல்லு அங்கதான். ஆறுதான் ஏரின்னா, வீடு எங்க போகும்? பள்ளத்துல இருந்தவன் வீட்டுக்குத்தானே தண்ணி முதல்ல வரும்?'

அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். லயத்திலிருந்து தன் நிரைக்குப் போக எத்தனை தூரம் ஏற வேண்டும், எந்த வளைவில் பாறை, எங்கே மூச்சு வாங்கும் என்று கால் கணக்கு வைத்திருந்தார். அதன்படி எங்கள் வீடு இன்றைய அமைச்சுக் கட்டடங்கள் நிற்கிற வரிசைக்குப் பக்கத்தில். 'மேட்ட வெட்டிப் பள்ளத்துல கொட்டினானுங்க. இப்ப எது மேடு எது பள்ளம்னு உங்கம்மாவுக்கு என்ன தெரியும்?'

தீர்ப்புச் சொல்ல என்னால் முடிந்திருக்கும். பழைய நில வரைபடங்கள் அரசாங்கத்திடம் இருக்கின்றன. லயங்களைச் சிறு கறுப்புக் கோடுகளாகப் போட்டிருப்பார்கள். என் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் எழுதிப் போட்டால், அரைநாள் விடுப்பு எடுத்தால், இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிடலாம். இத்தனை வருடமாக அந்த அரைநாள் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரிசிண்ட் 16-இல் விவசாயப் பாரம்பரியத் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாட்டில் விளைகிற பயிர்களையெல்லாம் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நட்டு வைத்திருக்கிறார்கள். ரப்பரும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிப்போனேன். ஒரு மரத்தின் முன்னால் நின்றார். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக யாரோ கோடு போட்டிருந்தார்கள். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலால் கோட்டைத் தடவிக்கொண்டே இறங்கினார். ஓரிடத்தில் நின்றது விரல்.

'காயம்' என்றார். 'இங்க ஒண்ணு. இதோ இன்னொண்ணு. எவன்டா வெட்டினான் இத?'

'காட்சிக்குத்தானே அப்பா.'

'காட்சின்னா? மரத்துக்குத் தெரியுமா?'

என்ன வகை என்று கேட்டேன். பட்டையைச் சுண்டினார், மேலே இலையைப் பார்த்தார், அறுநூறாக இருக்கலாம் என்றார். எண்பத்தாறின் பிள்ளை. திரும்புகிற வழியில் காரில் ஒன்றும் பேசவில்லை, விரல் நுனியை மட்டும் மோந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏரியில் படகு விடுகிறார்கள். பாலங்களுக்கு அடியில் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். பிள்ளைகள் நச்சரித்ததால் ஒருமுறை எல்லாரும் போனோம். அம்மா கரையிலேயே நின்றுவிட்டார். தண்ணீர் பயமா என்று மருமகள் கேட்டாள். 'பயமென்ன? குடியிருந்த வீட்டுக் கூரை மேல ஏறிப் போகச் சொல்றியா?' என்றார். அப்பாவுக்கு அந்தத் தடை இல்லை. அவர் கணக்கில் வீடு மேட்டில் அல்லவா இருக்கிறது! பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று ஏறி உட்கார்ந்தார். படகு திரும்பி வரும்வரை அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா 2019-இல் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் அந்தப் பேச்சே வீட்டில் வரவில்லை. போன வருடம் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தானாகவே சொன்னார்: 'யோசிச்சுப் பாத்தா உங்கப்பா சொன்னதுதான் சரியோ என்னவோ. மேட்டுலதான் இருந்திருக்கும்.' வாளி முருங்கையிலிருந்து பறித்த கீரை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருடம் எதிலும் விட்டுக்கொடுக்காத பெண்மணி.

அடுத்த வாரம் படகில் போகலாமா என்று கேட்டேன். 'போவோமே' என்றார்.

சாயங்கால வெயில். எங்களைத் தவிர ஏழெட்டுப் பேர். நான் கையைப் பிடித்து இறக்கிவிட, படகின் விளிம்பில் ஒரு கணம் நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

படகுக்காரப் பையன் பார்த்துவிட்டு, 'ஆன்ட்டி, செருப்புப் போட்டுக்கலாம், பரவாயில்லை' என்றான் மலாயில்.

'இருக்கட்டும்' என்றார் அம்மா, தமிழில்.